அறுபதுக்கு மேல் பாறையேற்றம்: எந்த வழியில் தொடங்குவது?

அறுபதை நெருங்கிய ஒருவர் "பாறையேற்றம் கற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டால், கேட்பவர்கள் உடனே உயரத்தையும் விரல் பலத்தையும் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. ஏறி முடித்ததும், அல்லது பாதியில் கை நழுவியதும், தரைக்கு எப்படி வரப்போகிறீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த வகையில் தொடங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

பாறையேற்றம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் நான்கைந்து தனி விளையாட்டுகள் இருக்கின்றன. கயிறே இல்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவது போல்டரிங். மேலே பொருத்திய இயந்திரம் நம்மைப் பிடித்துக்கொள்வது ஆட்டோ பிலே. கயிறு உச்சியைச் சுற்றி வர, கீழே துணை ஒருவர் அதைக் கையாள்வது டாப் ரோப். கயிற்றை நாமே மேலே கொண்டுபோய் இடையிடையே மாட்டிக்கொண்டு ஏறுவது லீட். அப்புறம், சுவரை விட்டு வெளியே போய் நிஜப் பாறையில் ஏறுவது. இருபது வயதுக்காரர் இவற்றில் எதில் தொடங்கினாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். நம் வயதில் அப்படி இல்லை. தொடங்கும் வழியைப் பொறுத்து ஒருவர் பத்து வருடம் ஏறவும் கூடும், மூன்றாம் மாதமே கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரவும் கூடும்.

நான் 58 வயதில் தொடங்கினேன். இப்போது 66. இடையில் எல்லா வகையையும் முயன்று பார்த்துவிட்டேன். எனக்குக் கிடைத்த முடிவை மறைத்து வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு டாப் ரோப்தான் முதல் தேர்வு, ஆட்டோ பிலே அதற்கு நல்ல துணை, போல்டரிங் கவனமாகத் தொட வேண்டியது, லீட் கட்டாயமே இல்லாதது. காரணங்களை வைத்து நீங்கள் வேறு முடிவுக்கும் வரலாம்.

வயது எடுத்துக்கொள்வதும் விட்டுவைப்பதும்

தசை முப்பதுகளிலிருந்தே மெல்லக் குறைகிறது, அறுபதுக்கு மேல் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. ஆனால் எல்லாத் தசையும் ஒரே மாதிரி குறைவதில்லை. வெடுக்கென்று பாயவும் எகிறிப் பிடிக்கவும் உதவும் வேகத்தசை இழைகள்தான் முதலில் போகின்றன. மிதமான பலத்தோடு ஒரு பிடியில் நெடுநேரம் நிற்கும் தாக்குப்பிடிப்பு அவ்வளவு சீக்கிரம் நம்மை விட்டுப் போவதில்லை. அதனால் பாய்ந்து பிடிக்கும் ஏற்றம் நமக்கு ஒவ்வாது. மெதுவாக, நீளமாக, காலை நம்பி ஏறுவது ஒத்துவரும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கீழே வரும் ஒவ்வொரு வகையையும் பாருங்கள்.

இரண்டாவது சங்கதி தசைநாண். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தசை தேறிவிடும். தசைநாணும் விரலுக்குள் இருக்கும் வளையங்களும் அதே அளவு தேறப் பல மாதங்கள் ஆகும், வயது கூடக் கூட இன்னும் தாமதமாகும். விரலை மடக்கும் தசைநாண் எலும்பை விட்டு விலகாமல் இருக்க, அதை அங்கங்கே சின்ன வளையங்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. உள்ளங்கைக்கு அடுத்த விரல் கணுவில் உள்ள வளையத்துக்கு ஏ2 என்று பெயர். ஏறுபவர்களுக்கு விரலில் அதிகம் கிழிவது அதுதான், அதிலும் மோதிர விரலில். மெல்லிய விளிம்பில் விரல் நுனியை ஊன்றி, நடு மூட்டை நன்றாக மடக்கி, கட்டைவிரலையும் மேலே பூட்டிக்கொள்ளும் கிரிம்ப் என்ற பிடியில்தான் அந்த வளையத்தின் மேல் பாரம் அதிகம் இறங்குகிறது. விரலை நீட்டியவாறு கொக்கி போல மாட்டிக்கொள்ளும் திறந்த பிடியில் அது வெகுவாகக் குறைகிறது. முதல் ஒரு வருடம் திறந்த பிடியிலேயே ஏறுங்கள். அதில் பிடிக்க முடியாத விளிம்பு வந்தால் அந்தப் பாதையை விட்டுவிடலாம். விரலில் பட்டென்று சத்தம் கேட்டால் அன்றைக்கு அத்துடன் இறங்கிவிட வேண்டும்.

இந்தக் கணக்கு புதிதாக வருபவரைவிட, இளமையில் ஏறிவிட்டு முப்பது வருடம் கழித்துத் திரும்பி வருபவருக்கு இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். புதியவர் பயந்து பயந்து ஏறுவார். திரும்பி வருபவரின் மூளைக்கு எல்லா அசைவும் நினைவிருக்கும், உடம்பும் ஓரிரு மாதத்தில் கேட்க ஆரம்பித்துவிடும். தசைநாண் மட்டும் எங்கோ பின்னால் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் விரல் போகிறது. அவர் அன்று கற்ற கயிறு பிடிக்கும் முறையும் இன்றைய கருவிகளுக்குப் பொருந்தாமல் போகலாம். முதல் நாள் வகுப்பில் புதியவரோடு சேர்ந்து உட்காருவதில் ஒரு குறைவும் இல்லை.

போல்டரிங்

இன்று பல நகரங்களில் புதிதாகத் திறக்கும் ஏற்றக்கூடங்களில் போல்டரிங் கூடங்களே கண்ணில் படுகின்றன. காலணி இருந்தால் போதும், துணை தேவையில்லை, முடிச்சு தெரிய வேண்டாம், நினைத்த நேரத்தில் போகலாம். சுவர் பெரும்பாலும் நாலு, நாலரை மீட்டர்தான். கீழே தரை முழுக்கக் கனமான மெத்தை. பார்த்தவுடன் "நமக்கு ஏற்றது இதுதான், உயரமே இல்லையே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உயரம் குறைவு என்பது உண்மை. ஆனால் இங்கே ஒவ்வொரு முயற்சியும் விழுவதிலோ குதிப்பதிலோ முடிகிறது. உச்சிப் பிடியில் கை இருக்கும்போது கால் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து நழுவினால் மெத்தையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஒரு மாலையில் முப்பது முயற்சி செய்தால் அப்படி முப்பது தரையிறக்கம். முழங்காலும் கணுக்காலும் முதுகெலும்பும் அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மெத்தை எலும்பு முறிவைக் குறைக்கும், ஆனால் ஒரு கால் மட்டும் கோணலாக அமுங்கினால் அதே மெத்தை கணுக்காலைத் திருகிவிடும்.

நான் தொடங்கிய நான்காவது மாதம் ஒரு நாள் மூன்றாவது பிடியிலிருந்துதான் நழுவினேன். உயரம் ஒன்றும் இல்லை. பின்னால் சாயும்போது கை தானாகப் பின்னே ஊன்றிவிட்டது. மணிக்கட்டில் கட்டுப்போட்டு ஏழு வாரம். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு, அதை மாற்றப் பழக வேண்டும்: இரு காலும் சேர்ந்து இறங்க, முழங்கால் மடங்க, அப்படியே உட்கார்ந்து முதுகில் உருள, கைகள் மார்பின் மேல் குறுக்காக. இதைச் சுவரில் ஏறும் முன்பே மெத்தை மேல் நின்றபடி ஐம்பது தடவை செய்து பார்க்க வேண்டும். எனக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், இன்றைய போல்டரிங் பாதைகள் பலவற்றை அமைப்பதே ஓடிப் பாய்வதற்கும் எகிறிப் பிடிப்பதற்கும்தான். மேலே சொன்ன வேகத்தசை இழைகள் இங்கேதான் வேண்டும். பிடிகள் பெரிதாக இருந்தாலும் அசைவு நமக்கானது இல்லை.

அதற்காக போல்டரிங்கை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. கால் வைக்கும் நுட்பத்தை இதைப்போல் வேறெதுவும் கற்றுத் தராது. ஒரே அசைவைப் பத்து முறை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். என் விதி எளிது: ஏறிய பாதையிலேயே, அல்லது பக்கத்தில் உள்ள பெரிய பிடிகளைப் பிடித்து, இறங்கித்தான் வருவேன், குதிக்க மாட்டேன். இறங்க முடியாது என்று தோன்றும் உயரத்துக்குப் போவதில்லை. இறங்கி வருவது பலவீனம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். இறங்குவதால் முன்கைக்கும் காலுக்கும் கிடைக்கும் பயிற்சி ஏறுவதைவிடக் குறைந்ததில்லை. சில கூடங்களில் உச்சிக்கு ஏறிப் பின்பக்கப் படி வழியாக நடந்து இறங்கும்படி சுவர் அமைத்திருப்பார்கள். அது கிடைத்தால் நல்லது.

யார் போல்டரிங் பக்கம் போகவே கூடாது? எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. அந்த நிலையில் இந்தத் தரையிறக்கங்கள் வேண்டவே வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்கள் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றியவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதே வரிசையில்தான். அந்த மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் சின்ன அடிகூடப் பெரிய ஆபத்து.

ஆட்டோ பிலே

சுவர் உச்சியில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு பட்டை தொங்கும். அதை இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் ஹார்னஸ் என்ற வாரில் மாட்டிக்கொண்டு ஏறினால் பட்டை தானே உள்ளே சுருட்டிக்கொள்ளும். கையை விட்டால் பெட்டிக்குள் இருக்கும் பிரேக் நம்மைச் சீராகக் கீழே இறக்கும். சிலவற்றில் அந்த வேலையைக் காந்தம் செய்கிறது: காந்தப் புலத்தில் சுழலும் உலோகத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் வேகத்தைத் தடுக்கிறது. வேகம் கூடினால் தடையும் கூடும். ஆகவே 50 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மென்மையாக இறங்குகிறார்கள்.

தரைக்கு வரும் முறையை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் மூட்டுகளுக்கு இதைவிட இதமானது இல்லை. துணை தேடி அலைய வேண்டாம். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை 12 மீட்டர் ஏறலாம், மூச்சுக்கும் தாக்குப்பிடிப்புக்கும் அருமையான பயிற்சி.

குறை என்ன? தொங்கி ஓய்வெடுக்க முடியாது. கை ஓய்ந்தால் இயந்திரம் நேராகத் தரைக்குக் கொண்டுவந்துவிடும், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. கடினமான அசைவைத் திரும்பத் திரும்ப முயன்று கற்பதற்கு இது உதவாது. கையை விட்ட முதல் கணத்தில் பிரேக் பிடிக்கும் வரை சற்று சரியும். அந்த ஒரு கணம் பலருக்கு வயிற்றைக் கலக்கும். முதல் நாள் இரண்டு மீட்டர் உயரத்திலேயே வேண்டுமென்றே கையை விட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து ஒன்றே ஒன்று, அது இயந்திரத்தில் இல்லை. மாட்ட மறந்துவிட்டு ஏறுவது. இருபது தடவை ஏறி இறங்கியவர் இருபத்தோராவது தடவை யாரோடோ பேசிக்கொண்டே பட்டையை மாட்டாமல் ஏறிவிடுவார். உச்சியில் போய் நம்பிக்கையோடு கையை விடுவார். துணை இருந்தால் இதைப் பார்த்துக் கத்தியிருப்பார், இங்கே பார்க்க யாரும் இல்லை. நான் முதல் பிடியைத் தொடும் முன் பட்டையை ஒரு கையால் இழுத்துப் பார்த்து, "மாட்டிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். எட்டு வருடமாக ஒரு தடவைகூட விட்டதில்லை.

டாப் ரோப்

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கயிறு ஏறுபவரின் இடுப்பிலிருந்து உச்சி வளையத்துக்குப் போய், அங்கிருந்து கீழே நிற்கும் துணையின் பிலே கருவிக்கு, அதாவது கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவிக்கு வருகிறது. ஏற ஏறத் துணை தளர்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். நழுவினால் விழுவது என்று சொல்ல முடியாது, கயிறு நீளும் அளவுக்குச் சற்றுத் தாழ்ந்து தொங்குவோம், அவ்வளவுதான். எங்கே வேண்டுமானாலும் "பிடி" என்று சொல்லி உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். அங்கிருந்தே மறுபடி முயலலாம். இறங்கும்போது எவ்வளவு மெதுவாக என்பதைத் துணையிடம் சொல்லலாம். வலிக்கிற முழங்காலோடு தரையைத் தொடும் கடைசி அரை மீட்டரில் அவர் இன்னும் மெதுவாக்குவார். இயந்திரத்திடம் அப்படிக் கேட்க முடியாது.

நம் வயதுக்கு இது ஒத்துவருவதற்கு இன்னொரு காரணம், ஏற்றம் நீளமாகவும் மெதுவாகவும் இருப்பது. 12, 15 மீட்டர் சுவரில் எளிய பாதை ஒன்றைக் காலை நம்பி, மூச்சுவிட்டபடி ஏறும்போது நமக்கு மிச்சமிருக்கும் திறமைதான் வேலை செய்கிறது. மூச்சு என்று சொன்னது சும்மா இல்லை. இறுக்கிப் பிடித்து நிற்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். பிரஷர் இருப்பவர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் வாய் வழியாக மூச்சை வெளியே விடப் பழக வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிக் களைப்பை அளக்க வேண்டாம், உடம்பு சொல்வதைக் கேளுங்கள். தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் "தொங்குவேன், இறுக்கிப் பிடிப்பேன்" என்று விளக்கிச் சொல்லுங்கள். "உடற்பயிற்சி" என்று மட்டும் சொன்னால் அவர் நடைப்பயிற்சி என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்.

தரைக்கு அருகில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். 12 மீட்டர் சுவரில் ஏறத் தொடங்கும்போது இருவருக்கும் இடையே 22 மீட்டர் அளவு கயிறு இருக்கும். 80 கிலோ எடை தொங்கினால் ஒற்றைக் கயிறு 10 சதவீதம் வரை நீளத் தர விதி இடம் தருகிறது. அப்படியானால் இரண்டு மீட்டர். முதல் சில பிடிகளில் நழுவினால் கயிறு பிடிப்பதற்குள் கால் தரையில் மோதிவிடலாம். அதனால் முதல் மூன்று மீட்டர் வரை கயிறு விறைப்பாக இருக்கட்டும் என்று துணையிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த வகையின் பலமும் பலவீனமும் அந்தத் துணைதான். பிலே செய்பவரின் பிரேக் கை, அதாவது கருவியிலிருந்து வெளிவரும் கயிற்றைப் பிடித்திருக்கும் கை, எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விடக் கூடாது. 1991இல் வந்த பெட்சல் நிறுவனத்தின் கிரிகிரி போல, கயிறு சட்டென்று ஓடினால் தானே கவ்விக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. கைப்பிடி பலம் குறைந்தவர்களும் மூட்டுவலிக் கைகளும் அந்த வகையையே கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் கையை விடக் கூடாது. துணை உங்களைவிட மிக இலகுவானவராக இருந்தால், நீங்கள் தொங்கும்போது அவர் தரையை விட்டு எழும்புவார். அறுபது கிலோ மனைவி தொண்ணூறு கிலோ கணவரைப் பிடிக்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம். கயிற்றில் உராய்வைக் கூட்டும் கருவியோ, தரையில் மாட்டும் மணல் மூட்டையோ கூடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிலே செய்பவருக்கு வரும் தொல்லை கழுத்து. பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தபடி நிற்பது கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு ஏறுவதைவிடப் பெரிய தண்டனை. முப்பட்டகம் வைத்த பிலே கண்ணாடி ஒன்று உண்டு. அதைப் போட்டால் நேராகப் பார்த்தபடியே மேலே நடப்பது தெரியும். என் துணை என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்தக் கண்ணாடி வந்த பிறகுதான் அவரால் வாரம் இரண்டு நாள் வர முடிகிறது.

கண்ணாடி என்றதும் இன்னொன்று. புராக்ரெசிவ், பைஃபோகல் போடுபவர்கள் காலைக் குனிந்து பார்த்தால் கண் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும். அந்தப் பகுதி படிப்பதற்கானது. ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் கால்பிடி மங்கலாகவே தெரியும். "வயதாகிவிட்டது, கால் சரியாக வைக்க வரவில்லை" என்று நான் ஒரு வருடம் வருந்தியதற்குக் காரணம் இதுதான். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைப் பட்டையோடு மாட்டிக்கொண்டதும் கால் சரியாகிவிட்டது.

ஏறும் முன் இருவரும் ஒருவரை ஒருவர் சரிபார்ப்பதை ஒருபோதும் விட வேண்டாம். முடிச்சு, ஹார்னஸ் கொக்கி, கருவிக்குள் கயிறு போயிருக்கும் திசை, கருவியை ஹார்னஸோடு இணைக்கும் கராபினர் வளையத்தின் பூட்டு. லின் ஹில் அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த ஏற்றக்காரர்களில் ஒருவர். 1989இல் தென் பிரான்ஸின் பியூக்ஸ் பாறையில், முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறினார். உச்சியில் போய் இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டு போய்விட்டது. 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். அவருக்கே மறந்தது. அதனால் நானும் என் துணையும் முடிச்சுப் போடும்போது பேசுவதில்லை. பாதியில் யாராவது கூப்பிட்டால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து போடுகிறோம்.

வயிறு சற்றுப் பெரிதாக, இடுப்பு ஒடுங்கி இருப்பவர்களுக்கு இடுப்பு ஹார்னஸ் சரியாக நிற்காது. தலைகீழானால் நழுவக்கூடும். அவர்களுக்கு மார்பையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

லீட்

லீட்டில் கயிறு மேலே இருக்காது. கடைசியாக மாட்டிய கொக்கிக்கு ஒரு மீட்டர் மேலே இருந்து நழுவினால் இரண்டு மீட்டர், அதோடு தளர்ந்த கயிறும் நீட்சியும் சேர்ந்து மூன்று மீட்டர் போல விழ நேரும். அப்புறம் சுவரில் மோதல். கயிறு காலுக்குப் பின்னால் இருந்தால் ஆளையே தலைகீழாகப் புரட்டும். இரண்டாவது, மூன்றாவது கொக்கி மாட்டும் வரை தரையிலேயே மோதும் வாய்ப்பும் உண்டு.

பலரும் எதிர்பாராதது ஒன்று இருக்கிறது. லீட்டில் எளிய பாதைதான் விழுவதற்கு மோசமானது. வெளியே சாய்ந்த கடினமான சுவரில் விழுந்தால் வெறும் காற்றில் தொங்குவோம். நமக்கு ஏறத் தெரிந்த எளிய, சாய்வான பாதையிலோ படிகளும் துருத்தல்களும் இருக்கும். கணுக்கால் அவற்றில்தான் மோதும். ஆகவே "எளிய பாதையில் மட்டும் லீட் போகிறேன்" என்பது ஒரு பாதுகாப்பும் தராது. விழவே வாய்ப்பில்லாத அளவுக்கு நம் திறமைக்கு வெகு கீழே உள்ள பாதை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் மார்செல் ரெமி 2017இல் தன் 94வது வயதில், மிருவார் டி லார்ஜென்டீன் என்ற பெரிய சுண்ணாம்புப் பாறையில் மகன்களோடு ஏறினார். 99 வயதில் உள்ளரங்கச் சுவரில் லீட் ஏறினார். அதைப் படித்துவிட்டு நாமும் போகலாம் என்று தோன்றும். அவர் வாழ்நாள் முழுக்க மலையில் இருந்தவர், அந்தத் தசைநாண்கள் எழுபது வருடம் பழகியவை. 58இல் தொடங்கிய நான் மூன்று வருடம் டாப் ரோப் ஏறிய பிறகு லீட் கற்றேன். எப்போதாவது ஏறுகிறேன். அது இல்லாவிட்டாலும் என் ஏற்றத்தில் ஒன்றும் குறைந்திருக்காது.

வெளியே, நிஜப் பாறையில்

சுவரில் கிடைக்காத ஒன்று வெளியே கிடைக்கிறது: சாய்வான பெரும்பாறை. கிரானைட் சரிவில் ஏறும்போது விரலுக்கு வேலையே இல்லை. ரப்பர் அடிப்பகுதியின் உராய்வும், இடுப்பைக் கால் மேல் கொண்டுவரும் சமநிலையும், பொறுமையும் போதும். கூடத்தில் என்னைத் தாண்டிப் பறக்கும் இளைஞர்கள் அங்கே கை வைக்க இடம் தேடித் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நம் வயதுக்கு இயற்கையே ஒதுக்கி வைத்த இடம் இது என்று உறுதியாகச் சொல்வேன். மேலே கயிறு கட்டி டாப் ரோப்பாக ஏறினால் பயமும் குறைவு.

பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்டேன்ப்ளோ காட்டில் 1947இலிருந்தே பாறைகளில் வண்ண அம்புக்குறி வரைந்து வரிசையாக ஏறும் சுற்றுகளை அமைத்திருக்கிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறச் சுற்றுகள் எளியவை. தாழ்வான மணற்பாறைகள் பல, ஏறிப் பின்பக்கமாக நடந்து இறங்கலாம். போல்டரிங்கை இந்த வயதில் இன்பமாகச் செய்ய இடம் உண்டென்றால் அப்படிப்பட்ட இடம்தான்.

ஆனால் வெளியே போனால் தரைக்கு வருவது என்ற கேள்வி மறுபடி பெரிதாகிறது. பல இடங்களில் ஏறுவதைவிட, முதுகில் பையோடு உருளும் கற்களின் மேல் நடந்து இறங்குவதுதான் முழங்காலைக் கொல்லும். ஊன்றுகோல் ஒரு ஜோடி கட்டாயம் எடுத்துப் போங்கள். கயிற்றில் தானே இறங்கும் ராப்பெல் முறையில் கயிற்று முனையில் முடிச்சு இல்லாமல், கூடுதல் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் இறங்கவே கூடாது. அனுபவசாலிகளும் அதில் உயிர் விட்டிருக்கிறார்கள். வயது கூடினால் தாகம் எடுப்பது மங்கிவிடும். தாகத்துக்குக் காத்திராமல் நேரம் வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். தலைக்கவசம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் முதல் இரண்டு வருடம் வெளியே போக வேண்டாம்.

டியெர்ட்ரி வோலோனிக் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஏற்றக்காரர் அலெக்ஸ் ஹொன்னால்டின் தாய், ஐம்பதுகளின் பின்பாதியில் ஏறத் தொடங்கினார். 2017இல், 66 வயதில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் சுமார் 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டன் பாறை மேலே போனார். மகன் முன்னால் ஏறிக் கயிறு கட்ட, இவர் அந்தக் கயிற்றில் பிடிக்கருவி மாட்டிப் பின்னால் ஏறினார். அவருக்கு ஏற்ற வழியை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

பாறையில் பதித்த இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறும் வியா ஃபெராட்டாவைச் சிலர் வயதானவர்களுக்கு ஏற்றதாகச் சொல்கிறார்கள். ஏறுவது எளிதுதான். விழுந்தாலோ, கம்பியை ஒட்டி அடுத்த பொருத்து வரை பல மீட்டர் சறுக்கி, ஏணிப்படிகளில் மோதித்தான் நிற்போம். விழக் கூடாத விளையாட்டு அது. தலைசுற்றல் வருபவர்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு எது?

எலும்பு அடர்த்தி குறைந்தவர், மாற்று மூட்டு வைத்தவர், ரத்த மாத்திரை எடுப்பவர் மருத்துவர் சம்மதித்தால் டாப் ரோப், ஆட்டோ பிலே இரண்டோடு நிற்கலாம். நம்பகமான துணை கிடைத்தவர் டாப் ரோப்பையே பிரதானமாக வைத்துக்கொள்ளலாம். துணையே கிடைக்காதவர் ஆட்டோ பிலேயில் தொடங்கி, கூடத்துக்கு வரும் நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டால், ஒரே நேரத்துக்கு வருபவர்களில் ஒருவர் இரண்டு மாதத்தில் துணையாகிவிடுவார். எனக்கு அப்படித்தான் கிடைத்தார். மூட்டும் எலும்பும் நன்றாக இருந்து, விழப் பழகவும் பொறுமை உள்ளவர் போல்டரிங்கைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

காலணி வாங்கும்போது இளைஞர்கள் சொல்லும் "விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கம்" நமக்கு வேண்டாம். தட்டையான அடி, ஒட்டுப்பட்டை, விரல் நேராக இருக்கும் அளவு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஒவ்வொரு முறையும் காலணியைக் கழற்றிப் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டே நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. ஏறும் முன் இருபது நிமிடம் தோள், விரல், இடுப்பைச் சூடாக்குவது. முதல் நாலு ஏற்றம் ஏணி போல எளிதானவை. களைப்பு வரும் முன்பே நிறுத்துவது, ஏனென்றால் கடைசி ஏற்றத்தில்தான் விரல் போகும். விரலால் மட்டும் தொங்கும் பயிற்சிப் பலகைகளைத் தொடவே வேண்டாம். நாலாவது மாதம் விரல் மூட்டுகளைக் காலையில் எழுந்ததும் மடக்கிப் பாருங்கள். விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகினால், வலி இல்லாமல் முஷ்டி மூட முடிந்தால், வாரம் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். இல்லையென்றால் இரண்டு நாளே இன்னும் மூன்று மாதத்துக்கு.